இலைக்கு எவ்வளவு? வீட்டு நைவேத்தியத்துக்கு ஒரு கலோரிக் கணக்கு

வெள்ளிக்கிழமை மாலை. விளக்கேற்றியாயிற்று. சுவாமி படத்தின் முன்னே வாழையிலையில் சர்க்கரைப் பொங்கல் ஆவி பறக்க வைக்கப்பட்டிருக்கிறது. மணி ஒலிக்க, கற்பூர ஆரத்தி நிறைவடைகிறது. வீட்டிலுள்ள பெரியோரும் சிறுவரும் பிரசாதத்துக்காகக் கை நீட்டுகிறார்கள், ஒருவரைத் தவிர. சர்க்கரை நோய்க்கு மாத்திரை உட்கொண்டுவரும் பாட்டி, “எனக்கு வேண்டாம்மா. கண்ணில் ஒற்றிக்கொண்டேன், அதுவே போதும்” என்று சொல்லி ஒதுங்கிக்கொள்கிறார். அந்தப் பொங்கலுக்கு அரிசி களைந்து கொடுத்தவரும், ஏலக்காய் பொடித்தவரும் அவரே.

அடுத்த வீட்டில் இதற்கு நேர்மாறான காட்சி. அங்கே தாத்தா, “சுவாமி பிரசாதம் என்ன செய்துவிடும்?” என்று இரண்டு கரண்டி வாங்கி உண்கிறார். மறுநாள் காலையில் இரத்தச் சர்க்கரைமானி காட்டும் எண்ணைக் கண்டு வீடே கலங்குகிறது.

முதல் வீட்டில் ஒருவர் பிரசாதத்தை இழக்கிறார். இரண்டாம் வீட்டில் ஒருவர் உடல்நலத்தை இழக்கிறார். இரண்டுக்கும் காரணம் ஒன்றே. அந்தக் கரண்டியில் இருப்பது எவ்வளவு என்பது இரு வீட்டிலும் யாருக்கும் தெரியாது. இந்தியாவில் ஏறத்தாழ 10.1 கோடிப் பேர் சர்க்கரை நோயுடன் வாழ்வதாக இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்த ஆய்வு 2023ஆம் ஆண்டில் தெரிவித்தது. எனவே இக்காட்சிகள் ஏதோ ஓரிரு இல்லங்களுக்கு மட்டும் உரியவை என்று கொள்வதற்கில்லை. ஒரு சிறு தராசும், ஒரு தாளும், பத்து நிமிடப் பொறுமையும் இருந்தால் அந்தக் கரண்டியின் கணக்கை எந்த வீட்டிலும் போட்டுவிடலாம்.

ஆடவல்லான் பெயரால் ஓர் அளவு

தெய்வத்துக்குப் படைப்பதைத் தராசில் நிறுத்துப் பார்ப்பது பக்திக்குப் பொருந்துமா என்ற தயக்கம் சிலருக்கு எழலாம். அதற்கு விடை ஆலயங்களின் கல்வெட்டுகளிலேயே இருக்கிறது.

முதலாம் இராசராச சோழன் எழுப்பிய தஞ்சைப் பெருவுடையார் கோயிலின் கல்வெட்டுகள், திருவமுதுக்கு இவ்வளவு பழவரிசி, இவ்வளவு பருப்பு, இவ்வளவு நெய், தயிர், மிளகு, கடுகு, வாழைப்பழம் என்று ஒவ்வொன்றுக்கும் அளவு குறிக்கின்றன. ஆழாக்கு, உழக்கு, உரி, நாழி, குறுணி என்பன அக்காலத்து முகத்தலளவைகள். இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு. இரண்டு உழக்கு ஓர் உரி. இரண்டு உரி ஒரு நாழி. எட்டு நாழி ஒரு குறுணி. அக்கோயிலில் நெல் அளந்த மரக்காலுக்கு ‘ஆடவல்லான்’ என்று பெயர். பொன் நிறுத்த கல்லுக்கும் அதே பெயர். கூத்தப்பெருமானின் திருநாமமே அளவுகோலுக்குப் பெயராயிற்று என்றால், அளத்தலை நம் முன்னோர் எத்தகைய செயலாக மதித்தனர் என்பது விளங்கும்.

கோயிலில் நாள்தோறும் படைக்கப்படும் பொருள்களின் வரையறைக்குப் ‘படித்தரம்’ என்று பெயர். இன்றும் பல ஆலய மடைப்பள்ளிகள் படித்தரப்படியே இயங்குகின்றன. இதற்கு ஓர் ஆழ்ந்த காரணமும் உண்டு. இறைவனுக்கு நிவேதிக்கும் முன்னர் உணவை யாரும் சுவைத்துப் பார்ப்பதில்லை. உப்பு போதுமா, இனிப்பு கூடிவிட்டதா என்று நாக்கைக் கேட்க வழியில்லை. நாக்கின் வேலையை அங்கே அளவு செய்கிறது. தலைமுறை தலைமுறையாக ஒரே சுவையில் பிரசாதம் கிடைப்பதன் இரகசியம் இதுவே.

அன்புக்கும் எண்ணுக்கும் பகை இல்லை என்பதற்கு ஆண்டாளின் வேண்டுதலே சான்று. அழகருக்கு வெண்ணெயும் அக்காரவடிசிலும் நூறு நூறு பாத்திரங்களில் சமர்ப்பிப்பதாக நாச்சியார் நேர்ந்துகொண்டதையும், பின்னாளில் இராமாநுசர் அதனை நிறைவேற்றி வைத்ததையும் வைணவ மரபு நெகிழ்ந்து போற்றுகிறது. அந்தக் காதலும் எண்ணிக்கையோடுதான் வெளிப்பட்டது.

கலோரி என்னும் அளவை

உணவு உடலுக்குள் சென்று எவ்வளவு ஆற்றலாக மாறும் என்பதைக் கூறும் அளவையே கலோரி. அறிவியல் வழக்கில் கிலோகலோரி எனப்படுவதையே மக்கள் வழக்கில் சுருக்கமாகக் கலோரி என்கிறார்கள். ஒரு கிராம் மாவுச்சத்தும், ஒரு கிராம் புரதமும் தனித்தனியே 4 கலோரி தரும். ஒரு கிராம் கொழுப்பு 9 கலோரி தரும். தண்ணீருக்கும் உப்புக்கும் கலோரி கிடையாது.

எந்தப் பொருளில் எவ்வளவு என்பதைத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் அட்டவணைகளாக வெளியிட்டுள்ளது. 1918ஆம் ஆண்டு நீலகிரி மாவட்டத்துக் குன்னூரில் சிறிய ஆய்வுப் பிரிவாகத் தோன்றி, பின்னர் ஹைதராபாத்துக்கு இடம்பெயர்ந்து வளர்ந்த நிறுவனம் அது. அதன் அட்டவணை மதிப்புகளில் பூஜைச் சமையலுக்கு வேண்டியவை இவை. பதிப்புக்குப் பதிப்பு சிறு மாறுதல்கள் இருப்பினும் வீட்டுக் கணக்குக்கு இவை போதுமானவை.

ஒவ்வொன்றிலும் 100 கிராமுக்கு:
பச்சரிசி: 345 கலோரி
பாசிப்பருப்பு: 348
கொண்டைக்கடலை: 360
வெல்லம்: 383
வெள்ளைச் சர்க்கரை: 398
நெய், நல்லெண்ணெய்: 900
முந்திரிப்பருப்பு: 596
தேங்காய்த் துருவல்: 444
பசும்பால்: 67
தயிர்: 60

ஒரு நாளைக்கு எவ்வளவு தேவை என்பதையும் அந்நிறுவனம் வரையறுத்துள்ளது. உடலுழைப்புக் குறைந்த வாழ்க்கை உடைய ஆணுக்கு ஏறத்தாழ 2110 கலோரி. பெண்ணுக்கு 1660 கலோரி. வயது, எடை, உழைப்பு, நோய் ஆகியவற்றுக்கேற்ப இது மாறும்.

சர்க்கரைப் பொங்கலின் கணக்கு

கணக்கின் முறை மூன்றே படிகளில் அடங்கும். பாத்திரத்துக்குள் செல்லும் ஒவ்வொரு பொருளையும் சமைப்பதற்கு முன்னரே நிறுத்துக் குறித்துக்கொள்ளவேண்டும். அவற்றின் கலோரிகளைக் கூட்டவேண்டும். சமைத்து முடித்த உணவை மொத்தமாக நிறுத்து, அந்த எடையால் கூட்டுத்தொகையை வகுக்கவேண்டும்.

ஒரு வீட்டில் 200 கிராம் பச்சரிசி, 50 கிராம் பாசிப்பருப்பு, 300 கிராம் வெல்லம், 75 கிராம் நெய், 25 கிராம் முந்திரி, 15 கிராம் உலர் திராட்சை ஆகியவற்றைக்கொண்டு சர்க்கரைப் பொங்கல் செய்வதாகக் கொள்வோம்.

அரிசி: 690 கலோரி
பருப்பு: 174
வெல்லம்: 1149
நெய்: 675
முந்திரி: 149
திராட்சை: ஏறத்தாழ 45

ஆக மொத்தம் 2882. சுமார் 2880 என்று கொள்ளலாம். ஏலக்காயும் பச்சைக் கற்பூரமும் சிட்டிகையளவே சேர்வதால் அவற்றைக் கணக்கில் எடுக்கவேண்டியதில்லை.

அடுத்தது எடை. இங்குதான் முன்யோசனை வேண்டும். பொங்கல் செய்யும் உருளியையோ வெண்கலப் பானையையோ வெறுமையாக இருக்கும்போதே ஒருமுறை நிறுத்து, அந்த எடையைச் சமையலறைச் சுவரில் எழுதி ஒட்டிவைத்துவிட்டால் ஒவ்வொரு வாரமும் உதவும். வெறும் பாத்திரம் 620 கிராம். பொங்கலோடு 2060 கிராம் என்றால், பொங்கல் மட்டும் 1440 கிராம். 2880ஐ 1440ஆல் வகுத்தால் 2. அதாவது, அந்தப் பொங்கலில் ஒவ்வொரு கிராமும் 2 கலோரி.

வீட்டுக்கு வீடு தண்ணீரின் அளவும் நெய்யின் அளவும் வேறுபடுவதால் இந்த எண்ணும் வேறுபடும். குழைவாகச் செய்தால் எடை கூடி, ஒரு கிராமுக்கான கலோரி குறையும். கெட்டியாகக் கிளறினால் கூடும். மொத்தக் கலோரி இரண்டிலும் ஒன்றே. ஆகவே மற்றொருவர் வீட்டுக் கணக்கைக் கடன் வாங்குவதைவிடத் தம் வீட்டுப் பாத்திரத்தை ஒருமுறை நிறுத்துப் பார்ப்பதே உறுதியானது.

பிறகு எல்லாம் எளிது. கோயிலில் தருவதுபோல் 150 கிராம் கொள்ளும் தொன்னை நிறைய எடுத்தால் 300 கலோரி. உடலுழைப்புக் குறைந்த பெண்மணியின் ஒருநாள் தேவையில் அது ஐந்தில் ஒரு பங்கை நெருங்குகிறது. 100 கிராம் கொள்ளும் கரண்டியால் ஒரு கரண்டி என்றால் 200 கலோரி. 25 கிராம் கொள்ளும் ஒரு மேசைக்கரண்டி என்றால் 50 கலோரி.

சர்க்கரை நோய் உடையவருக்குக் கலோரியைக் காட்டிலும் மாவுச்சத்தின் அளவு முதன்மையானது. மேற்கண்ட பொங்கல் முழுவதிலும் அரிசி, பருப்பு, வெல்லம் முதலியவற்றிலிருந்து வரும் மாவுச்சத்து ஏறத்தாழ 490 கிராம். அப்படியானால் 100 கிராம் பொங்கலில் 34 கிராம் மாவுச்சத்து இருக்கும். அதில் ஏறக்குறைய 20 கிராம் வெல்லத்திலிருந்து மட்டும் வருவது. காப்பியில் சர்க்கரையைத் தவிர்த்துவரும் ஒருவர் ஒரே கரண்டிப் பொங்கலில் நான்கு தேக்கரண்டிச் சர்க்கரைக்கு ஈடானதை உட்கொண்டுவிடுகிறார்.

எண்ணிப் பகிர்பவை

கொழுக்கட்டை, வடை, அதிரசம் போன்றவற்றுக்குக் கணக்கு இன்னும் எளிது. மொத்தக் கலோரியை எண்ணிக்கையால் வகுத்தால் போதும்.

விநாயக சதுர்த்திக்கு 200 கிராம் அரிசிமாவு, 150 கிராம் வெல்லம், 150 கிராம் தேங்காய்த் துருவல், 10 கிராம் நல்லெண்ணெய் கொண்டு பூரணக் கொழுக்கட்டை பிடிப்பதாக வைத்துக்கொண்டால், மாவு 690, வெல்லம் 575, தேங்காய் 666, எண்ணெய் 90, ஆக 2021 கலோரி. மரபுப்படி 21 கொழுக்கட்டை பிடித்தால் ஒன்றுக்கு 96 கலோரி. எல்லாக் கொழுக்கட்டையும் ஒரே அளவாக இருக்க, மாவையும் பூரணத்தையும் முதலிலேயே 21 உருண்டைகளாகப் பிரித்துக்கொள்வது நல்லது. அச்சில் பிடிக்கும் வீடுகளில் அந்தக் கவலையும் இல்லை.

பொரிக்கும் பண்டங்களில் உறிஞ்சப்படும் எண்ணெயை எப்படி அறிவது என்ற ஐயம் எழும். வாணலியில் ஊற்றும் முன் எண்ணெயை நிறுத்து, பொரித்து முடித்து நன்றாக ஆறிய பின் எஞ்சியதை நிறுத்தால் விடை கிடைத்துவிடும். 500 கிராம் எண்ணெய் 410 கிராமாகக் குறைந்திருந்தால், 90 கிராம் வடைக்குள் சென்றுவிட்டது. அது 810 கலோரி. 30 வடை என்றால், வடை ஒன்றுக்கு எண்ணெயால் மட்டும் 27 கலோரி கூடுகிறது. உளுந்தின் கணக்கை அதனுடன் சேர்த்துக்கொள்ளவேண்டும்.

சுண்டலும் தயிர்சாதமும் கற்பிப்பவை

நவராத்திரி ஒன்பது நாளும் வீடுதோறும் சுண்டல். இனிப்பு இல்லாததால் சுண்டல் எவ்வளவு உண்டாலும் தீங்கில்லை என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. கணக்கு என்ன சொல்கிறது?

250 கிராம் கொண்டைக்கடலையில் 900 கலோரி. 50 கிராம் தேங்காய்த் துருவலில் 222. தாளிக்க 10 கிராம் எண்ணெயில் 90. மொத்தம் 1212. ஊறி வெந்த கடலையோடு சேர்ந்து சுண்டலின் எடை ஏறத்தாழ 610 கிராம். எனவே 100 கிராம் சுண்டலில் சுமார் 200 கலோரி. சர்க்கரைப் பொங்கலுக்கும் இதே எண்தான் வந்தது!

எண் ஒன்றாயினும் தன்மை ஒன்றில்லை. 100 கிராம் சுண்டலில் ஏறத்தாழ 7 கிராம் புரதம் இருக்கிறது. பொங்கலில் 2 கிராமுக்குச் சற்றே அதிகம். சுண்டலில் நார்ச்சத்தும் மிகுதி. கடலை மெல்லச் செரித்து, இரத்தச் சர்க்கரையைப் படிப்படியாகவே உயர்த்தும். நீண்ட நேரம் பசி தாங்கும். பொங்கலிலுள்ள வெல்லமோ விரைவில் இரத்தத்தில் கலந்துவிடும். ஆகவே கலோரியை மட்டும் பார்த்து இரண்டையும் சமமாக்குவது பிழை. அதே சமயம், கொலுவுக்கு அழைத்த ஐந்து வீடுகளிலும் ஒரு கிண்ணம் சுண்டல் உண்டுவிட்டு, இரவு உணவையும் வழக்கம்போல் உண்டால், சுண்டல் மட்டுமே 1000 கலோரி ஆகிவிடும் என்பதையும் மறக்கலாகாது. தாம்பூலத்தோடு தரும் சுண்டலை வீட்டுக்குக் கொண்டுவந்து, குடும்பத்தோடு பகிர்ந்து, அதையே அன்றைய இரவு உணவின் ஒரு பகுதியாக ஆக்கிக்கொள்வது சிறந்த வழி.

தயிர்சாதம் வேறொரு பாடம் தருகிறது. 200 கிராம் அரிசி, 500 கிராம் தயிர், 200 கிராம் பால், தாளிக்க 10 கிராம் எண்ணெய் ஆகியவற்றின் மொத்தம் 1214 கலோரி. மேலே கண்ட சுண்டலின் மொத்தமும் ஏறக்குறைய இதுதான். ஆனால் சாதமும் தயிரும் பாலும் சேர்ந்து எடை 1300 கிராமைத் தாண்டுவதால், 100 கிராமுக்கு 92 கலோரி மட்டுமே. உணவில் நீரின் பங்கு கூடக்கூட, ஒரே கரண்டி தரும் ஆற்றல் குறைகிறது.

கணக்குப் பிழைபடும் இடங்கள்

முதற்பிழை, பச்சைப் பொருளின் மதிப்பைச் சமைத்த பொருளுக்குப் பயன்படுத்துவது. 100 கிராம் அரிசியில் 345 கலோரி. அது வெந்து ஏறத்தாழ 300 கிராம் சோறாகிறது. எனவே 100 கிராம் சோற்றில் 115 கலோரிதான். அரிசியின் எண்ணைச் சோற்றுக்கு எழுதிவிட்டால் விடை மும்மடங்காகிவிடும். பச்சையாக நிறுத்தால் பச்சைப் பொருளின் மதிப்பையே கொள்ளவேண்டும்.

இரண்டாவது, நெய்யைக் கண்ணளவில் விடுவது. ஒரு தேக்கரண்டி நெய் 40 கலோரி; ஒரு மேசைக்கரண்டி 120 கலோரி. இறக்கும் தறுவாயில் ‘மேலுக்கு’ என்று ஊற்றப்படும் நெய்தான் பெரும்பாலும் கணக்கிலிருந்து நழுவிவிடுகிறது. நெய்க் கிண்ணத்தைச் சமையலுக்கு முன்னும் பின்னும் நிறுத்து வேறுபாட்டைக் குறித்துக்கொண்டால் ஒரு துளியும் தப்பாது.

மூன்றாவது, வெல்லத்தைப் பற்றிய நம்பிக்கை. வெள்ளைச் சர்க்கரைக்குப் பதிலாக வெல்லம் சேர்த்தால் சர்க்கரை நோயாளிகளும் தாராளமாக உண்ணலாம் எனப் பலர் எண்ணுகிறார்கள். 100 கிராம் சர்க்கரைக்கு 398 கலோரி என்றால், வெல்லத்துக்கு 383. வேறுபாடு மிகச் சொற்பம். வெல்லத்தில் சில தாதுக்கள் இருப்பது உண்மை. இரத்தச் சர்க்கரையை அதுவும் உயர்த்தும் என்பதும் உண்மை. நாட்டுச் சர்க்கரைக்கும் கருப்பட்டிக்கும் இதுவே பொருந்தும்.

நான்காவது, கோயிலில் பெறும் பிரசாதத்தைக் கணக்கில் சேர்க்காமல் விடுவது. அதன் படித்தரம் வீட்டாருக்குத் தெரியாது. வீட்டுப் பொங்கலின் எண்ணை அடிப்படையாகக்கொண்டு, நெய் மிகுந்திருப்பின் சற்றுக் கூட்டி மதிப்பிட்டுக்கொள்வது போதும்.

குறைக்கவேண்டியது எது?

கணக்குப் போட்டதும், ‘இனி நைவேத்தியத்தில் வெல்லத்தையும் நெய்யையும் குறைத்துவிடலாமா?’ என்ற எண்ணம் எழுவது இயல்பு. முன்னோர் வகுத்த பக்குவத்தில் கை வைப்பதற்குப் பல குடும்பங்களுக்கு மனம் வராது. இதற்கும் கணக்கே தீர்ப்புச் சொல்கிறது.

மேற்கண்ட பொங்கலில் வெல்லத்தை 300 கிராமிலிருந்து 200 கிராமாகவும், நெய்யை 75 கிராமிலிருந்து 50 கிராமாகவும் குறைத்தால், மொத்தக் கலோரி 2274 ஆகிறது. ஆனால் எடையும் 1315 கிராமாகக் குறைந்துவிடுவதால், 100 கிராமுக்கு 173 கலோரி வருகிறது. சுவையில் இத்தனை விட்டுக்கொடுத்தும் கரண்டிக்குக் கிடைத்த குறைவு 27 கலோரி. பழைய பக்குவத்தையே மாற்றாமல் வைத்துக்கொண்டு, ஒரு கரண்டிக்குப் பதில் அரைக் கரண்டி உண்டால் குறைவது 100 கலோரி.

ஆகவே சுவாமிக்குப் படைக்கும் பக்குவம் குடும்ப வழக்கப்படியே இருக்கலாம். குறையவேண்டியது அவரவர் இலையில் விழும் அளவு. கோயிலில் தீர்த்தம் உத்தரணியால்தான் தரப்படுகிறது. திருநீறு ஒரு சிட்டிகை. துளசி ஓரிரு இதழ். அவற்றின் சிறுமையால் அருள் குறைந்துவிட்டதாக எந்த அடியவரும் எண்ணுவதில்லை. பொங்கலுக்கு மட்டும் தொன்னை நிரம்பவேண்டும் என்ற எண்ணம் நாக்கிலிருந்து வருவது. மிகுதியாக உண்பவனுக்கும், அறவே உண்ணாதவனுக்கும் யோகம் கைகூடாது என்று கீதையின் ஆறாம் அத்தியாயத்தில் கண்ணன் அருளுவது இரண்டு வீட்டுக்கும் பொருந்துகிறது: இரண்டு கரண்டி உண்ட தாத்தாவுக்கும், ஒன்றும் வேண்டாமென ஒதுங்கிய பாட்டிக்கும்.

இனி அந்தப் பாட்டியின் இலைக்கு வருவோம். இரண்டு மேசைக்கரண்டிப் பொங்கல், அதாவது 50 கிராம், அவருக்கு வைக்கப்படுவதாகக் கொண்டால் அதில் 100 கலோரியும், ஏறத்தாழ 17 கிராம் மாவுச்சத்தும் இருக்கும். 65 கிராம் சோற்றிலும் அதே அளவு மாவுச்சத்துதான் உண்டு. அன்றிரவு அவருடைய தட்டில் அந்தச் சிறு கரண்டிச் சோற்றைக் குறைத்துவிட்டால், மாவுச்சத்தின் கூட்டுத்தொகை மாறுவதில்லை. வெறும் வயிற்றில் உண்ணாமல், காய்கறியும் பருப்பும் கொண்ட உணவோடு சேர்த்து உண்பது மேலும் நல்லது. ஆயினும் வெல்லம் சோற்றைவிட விரைந்து செயற்படுவதால், இந்த அளவு தமக்கு ஏற்றதா என்பதை அவரவர் மருத்துவரிடம் கேட்டறிந்தே தொடங்கவேண்டும். இன்சுலின் செலுத்திக்கொள்வோரும், சிறுநீரகக் கோளாறு உடையோரும் இதில் கூடுதல் கவனம் கொள்ளவேண்டும். எண்களோடு சென்று கேட்டால் மருத்துவரும் எண்களோடு விடை சொல்வார். ‘பொங்கல் சாப்பிடலாமா?’ என்ற வினாவுக்குக் கிடைக்கும் விடை வேறு. ‘17 கிராம் மாவுச்சத்துள்ள 50 கிராம் பொங்கலை, சோற்றைக் குறைத்துக்கொண்டு உண்ணலாமா?’ என்ற வினாவுக்குக் கிடைக்கும் விடை வேறு.

வீட்டில் வழக்கமாகச் செய்யும் நைவேத்தியங்கள் பத்துப் பன்னிரண்டுக்கு மேல் இரா. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் ஒன்றை நிறுத்துக் கணக்கிட்டு, பஞ்சாங்கத்தின் பக்கத்தில் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதிவைத்தால், மூன்று மாதத்தில் அந்தக் குடும்பத்துக்கென்றே ஒரு படித்தரம் உருவாகிவிடும். பொருளின் அளவு, மொத்தக் கலோரி, சமைத்த எடை, ஒரு கரண்டிக்கு எவ்வளவு என்ற நான்கு வரிகள் ஒவ்வொரு பக்கத்துக்கும் போதும். பின்னாளில் மருமகளோ பேத்தியோ அதே சுவையில் அதே பொங்கலைச் செய்யவும் அந்த நோட்டு உதவும்.

அடுத்த வெள்ளிக்கிழமை ஆரத்தி முடிந்ததும், மருமகள் முதலில் பாட்டியின் இலையில் இரண்டு மேசைக்கரண்டிப் பொங்கல் வைக்கலாம். “இது உங்கள் பங்கு அத்தை. டாக்டரிடம் கேட்டாயிற்று. ராத்திரி சோற்றில் குறைத்துக்கொள்ளலாம்” என்று சொல்லலாம். பாட்டி அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, இம்முறை நாவிலும் வைத்துக்கொள்வார்.